உளறல் என்று யார் சொன்னது?



மனநோய் மருத்துவமனைக்குள் நடக்கும் கதைகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அந்தக் கதைகளில் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது? தனி மனிதர் ஒருவர் அதை எப்படி எதிர்த்து நிற்கிறார்? இதுதான் பேச்சின் பொருள். பிரேசிலுக்குப் போவோம், ரஷ்யாவுக்குப் போவோம், லாகூருக்கும் அமெரிக்காவுக்கும் நியூசிலாந்துக்கும் போவோம். ஆனால் புறப்படுவது நான் வளர்ந்த தெருவிலிருந்து.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். சில மாதங்கள் மனநோய் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். நன்றாகத்தான் இருந்தார். கடைக்குப் போய்வருவார், வீட்டுக் கணக்கு எழுதுவார், எங்களுக்கெல்லாம் காற்றாடி செய்து கொடுப்பார். ஒருநாள் மதியம் அவர் வீட்டுத் திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தோம். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "அக்கா, மோர் புளிக்குது" என்றார். அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் உடனே வந்தது: "ஏன்டா, இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

அந்த அக்கா பொல்லாதவர் அல்ல. தம்பியை உயிராய்ப் பார்த்துக்கொண்டவர். அவர் கேட்டதில் அன்புதான் இருந்தது, அக்கறைதான் இருந்தது. ஆனால் அந்த அண்ணன் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மோரைக் குடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். மோர் உண்மையில் புளித்ததா? யாருக்கும் தெரியாது. யாரும் ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை.

நண்பர்களே, இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த மோர் எனக்கு மறக்கவில்லை. ஏனென்றால், பிற்பாடு நான் படித்த பெருங்கதைகள் எல்லாம் அந்தத் திண்ணையில் கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்லின. நம் தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று பேச்சு. இன்னொன்று உளறல். நீங்கள் சொன்னால் பேச்சு. அவர் சொன்னால் உளறல். சொன்னது ஒன்றாகவே இருக்கலாம். எது பேச்சு, எது உளறல் என்று பிரிக்கும் உரிமை யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் அந்த இடத்தின் சாவி இருக்கிறது. பூட்டும் சங்கிலியும் பிறகு வருபவை. முதலில் ஒரு மனிதனுடைய சொல் செல்லாக்காசாகிறது. அதற்கப்புறம் அவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

இதைத்தான் பிரேசில் எழுத்தாளர் மச்சாடு டி அசிஸ் எடுத்துக்கொண்டார். 1882இல் வெளிவந்த அவருடைய நெடுங்கதை, மனநோய் மருத்துவர் ஒருவரைப் பற்றியது. பெயர் சிமாவோ பக்கமார்ட்டி. ஐரோப்பாவில் படித்தவர், இத்தகுவாயி என்ற சிற்றூருக்கு வருகிறார். ஊருக்குள் ஒரு மனநோய் விடுதி கட்டுகிறார். அதன் சன்னல்கள் பச்சை நிறம். ஆகவே அதற்குப் பச்சை வீடு என்று பெயர்.

முதலில் உண்மையிலேயே நோயுற்றவர்கள் வருகிறார்கள். பிறகு மருத்துவரின் கண்ணுக்கு எல்லோரும் நோயாளிகளாகத் தெரிகிறார்கள். பரம்பரைச் சொத்தைக் கேட்டவர்க்கெல்லாம் கடன் கொடுத்துத் தீர்த்த ஒரு நல்ல மனிதரை உள்ளே தள்ளுகிறார். அவருக்காகப் பரிந்து பேச உறவுக்காரப் பெண் ஒருவர் வருகிறார். "அவன் மேல் தப்பில்லை ஐயா, அந்தச் சொத்தின் மேல் ஒரு சாபம் இருக்கிறது" என்று அந்தப் பெண் விளக்கம் சொல்ல, மருத்துவர் அவரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறார். பரிந்து பேசியதே நோய்க்கு அடையாளம்! எந்த நகையைப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போவது என்று முடிவெடுக்கத் தடுமாறிய தன் மனைவியையும் அவர் விடவில்லை. ஊரில் ஐந்தில் நான்கு பங்கு மக்கள் உள்ளே போய்விடுகிறார்கள்.

ஊர் சும்மா இருந்ததா? இல்லை. ஒரு நாவிதர் கலகத்துக்குத் தலைமை தாங்குகிறார். பச்சை வீட்டை இடிப்போம் என்று முழங்குகிறார். கலகம் வெல்கிறது, ஆட்சி அவர் கைக்கு வருகிறது. வந்ததும் என்ன செய்கிறார்? மருத்துவரைத் தேடிப் போய்ச் சமரசம் பேசுகிறார். பச்சை வீடு அப்படியே நிற்கிறது. கவனியுங்கள். ஆட்சி மாறிவிட்டது. எது உளறல் என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலி மட்டும் அசையவில்லை. அந்த நாற்காலியைத் தொடாத கலகம் என்ன கலகம்?

அடுத்து ரஷ்யாவுக்குப் போவோம். 1892ஆம் ஆண்டு. ஆன்டன் செகாவ், தாமே மருத்துவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் சகாலின் தீவுக்குப் போய்த் தண்டனைக் கைதிகள் எப்படி வாழ்கிறார்கள் என்று கண்ணால் கண்டு வந்தவர். அவர் எழுதியதுதான் 'ஆறாம் எண் வார்டு'.

ரயில் பாதையிலிருந்து நெடுந்தொலைவில் ஒரு சிறு நகரம். அதன் மருத்துவமனை முற்றத்தில் முட்செடி மண்டிக் கிடக்கும் இடத்தில் ஒரு தனிக் கட்டடம். வேலியின் மேல் கூர்முனை மேல்நோக்கி நிற்கும் ஆணிகள். வாசலில் நிக்கீத்தா என்ற காவல்காரன், பழைய படைவீரன். அடித்தால்தான் ஒழுங்கு நிலைக்கும் என்று மனப்பூர்வமாக நம்புகிறவன். உள்ளே ஐந்து நோயாளிகள். அவர்களில் ஒருவன் இவான் குரோமவ், படித்தவன். யாரோ தன்னைக் கைது செய்ய வருகிறார்கள் என்ற அச்சத்திலேயே நோயாளியானவன்.

அந்த மருத்துவமனைக்குப் பொறுப்பானவர் டாக்டர் ராகின். அவரைக் கொடியவர் என்று சொல்ல முடியுமா? முடியாது. மென்மையானவர். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர். மாலையானால் புத்தகமும், பக்கத்தில் வோட்காவும், உப்பில் ஊறிய வெள்ளரிக்காயுமாக உட்கார்ந்துவிடுவார். மருத்துவமனையில் திருட்டு நடப்பது அவருக்குத் தெரியும். பொய்க்கணக்கு எழுதி அவர் முன்னால் வைக்கிறார்கள். அது பொய் என்றும் தெரியும். முகம் சிவக்கிறது, மனம் குறுகுறுக்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

அந்தக் கையெழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சு முடிவதற்குள் இன்னும் மூன்று கையெழுத்துகளைப் பார்க்கப்போகிறோம்.

ஒருநாள் தற்செயலாக ராகின் அந்த வார்டுக்குள் போகிறார். குரோமவ்விடம் பேச்சுக் கொடுக்கிறார். அந்த ஊரிலேயே பேசத் தகுந்த ஒரே ஆள் அவன்தான் என்று கண்டுகொள்கிறார். தினமும் போகிறார். என்ன பேசுகிறார்? கதகதப்பான படிப்பறைக்கும் இந்த வார்டுக்கும் வேறுபாடு இல்லை, நிம்மதி மனிதனுக்கு உள்ளேதான் இருக்கிறது, துன்பத்தைப் பொருட்படுத்தாதவனே ஞானி என்று தத்துவம் பேசுகிறார். குரோமவ் சீறுகிறான். நீங்கள் சொல்லும் கிரேக்க ஞானி வெயிலடிக்கும் ஊரில் பீப்பாய்க்குள் படுத்திருந்தார், ரஷ்யக் குளிருக்கு வந்திருந்தால் வீடு கேட்டிருப்பார் என்கிறான். உங்களை யாராவது எப்போதாவது அடித்திருக்கிறார்களா என்று கேட்கிறான்.

அடிபடாதவர் அடிபட்டவனுக்குப் பொறுமையைப் போதிக்கிறார். இதைவிடப் பழைய காட்சி உலகில் உண்டா? நாம் பார்க்காததா? எத்தனை வீடுகளில், எத்தனை அலுவலகங்களில், எத்தனை ஊர்களில் இது நடக்கிறது!

டாக்டர் பைத்தியத்தோடு பேசுகிறார் என்று ஊர் முணுமுணுக்கிறது. ஒரு குழு கூடுகிறது. இன்று என்ன தேதி, என்ன கிழமை, ஆண்டுக்கு எத்தனை நாள் என்று அவரிடமே கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்ட நொடியில் அவருடைய சொல் செல்லாக்காசாகிவிட்டது. வேலை போகிறது. கடைசியில், ஒரு நோயாளியைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி, அவருடைய உதவி மருத்துவரே அவரை ஆறாம் எண் வார்டுக்கு அழைத்துப்போய் விட்டுவிட்டுப் போகிறார். நிக்கீத்தா நோயாளியின் அங்கியைக் கொண்டுவந்து கொடுக்கிறான்.

இரவாகிறது. வெளியே போகவேண்டும் என்கிறார் ராகின். நிக்கீத்தா வழிமறிக்கிறான். குரோமவ் கத்துகிறான். ராகினும் கத்துகிறார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்துகிறார். நிக்கீத்தாவின் முஷ்டி அவர் முகத்தில் இறங்குகிறது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும்போதுதான் அவருக்கு உறைக்கிறது. இதே வலியை இந்த மனிதர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் பட்டிருக்கிறார்கள். தனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. மறுநாளே அவர் இறந்துபோகிறார்.

இளைஞராக இருந்த லெனின் இந்தக் கதையைப் படித்துவிட்டு, தாமே அந்த வார்டில் அடைபட்டதுபோல் உணர்ந்து அறையில் இருக்க முடியாமல் எழுந்து வெளியே வந்ததாக அவர் சகோதரி நினைவுகூர்ந்திருக்கிறார். எதற்காக அவ்வளவு நடுக்கம்? செகாவ் அந்தக் கதையில் நிக்கீத்தாவின் முஷ்டியை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றவில்லை. நல்லவரின் கையெழுத்தையும் ஏற்றினார். அடிப்பவன் ஒருவன். அடி விழும் என்று தெரிந்தும் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். இந்த இரண்டாமவர் நம்மில் எத்தனை பேர்?

இனி நம் துணைக்கண்டத்துக்கே வருவோம். சாதத் ஹசன் மாண்டோ. பிரிவினையில் பம்பாயை விட்டு லாகூருக்குப் போனவர். மதுப் பழக்கத்திலிருந்து மீள்வதற்காக லாகூர் மனநோய் மருத்துவமனையின் சுவர்களுக்குள் தாமே இருந்தவர். 1955இல் அவர் இறந்தார். அதே ஆண்டு அச்சில் வந்த அவர் கதைதான் 'டோபா டேக் சிங்'.

பிரிவினை முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நாட்டைப் பிரித்தாயிற்று, கஜானாவைப் பிரித்தாயிற்று. இனி மனநோயாளிகளையும் மதவாரியாகப் பிரிக்கவேண்டும் என்று இரண்டு அரசுகளும் முடிவெடுக்கின்றன. இது வெறும் கற்பனை அல்ல, நண்பர்களே. 1950இல் உண்மையாகவே இரு நாடுகளும் நோயாளிகளை மாற்றிக்கொண்டன.

கதையில், விடுதிக்குள் இருக்கும் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. நேற்று வரை இந்தியாவில் இருந்தோம். ஓரடி கூட நகரவில்லை. இன்று பாகிஸ்தானில் இருக்கிறோம் என்கிறார்களே, எப்படி? ஒருவர் மரத்தின் மேல் ஏறிக்கொண்டு, எனக்கு இந்தியாவும் வேண்டாம், பாகிஸ்தானும் வேண்டாம், இந்த மரத்திலேயே இருந்துவிடுகிறேன் என்கிறார். இது பேச்சா? உளறலா? அன்று டில்லியிலும் கராச்சியிலும் பேசப்பட்டவற்றோடு வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அந்த விடுதியில் பிஷன் சிங் என்ற சீக்கியர். பதினைந்து ஆண்டுகளாக அங்கே இருப்பவர். படுத்ததில்லை, உட்கார்ந்ததில்லை, நின்றபடியே இருப்பவர். கால்கள் வீங்கிக் கிடக்கின்றன. அவர் வாயில் எப்போதும் ஒரே தொடர், பல மொழிச் சொற்கள் கலந்து பொருளில்லாமல் ஓடும் தொடர். உளறலுக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் மாண்டோ என்ன செய்கிறார் பாருங்கள். கதை நகர நகர அந்தத் தொடரின் கடைசிச் சொல் மாறுகிறது. முதலில் ஒரு விளக்கின் பெயர் இருந்த இடத்தில் புதிய அரசாங்கத்தின் பெயர் வந்து உட்காருகிறது. பிறகு அரசாங்கத்தைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அவருடைய ஊர்ப் பெயர் வந்து உட்காருகிறது. டோபா டேக் சிங்!

உளறல் என்று எல்லோரும் ஒதுக்கிய அந்தப் பேச்சுக்குள் ஒரு மனிதர் நாட்டு நடப்பைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். தன் ஊர் எங்கே இருக்கிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. பைத்தியங்களாலும் முடியவில்லை, அரசாங்கங்களாலும் முடியவில்லை.

வாகா எல்லையில் பரிமாற்றம் நடக்கிறது. தம் ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது என்று தெரிந்ததும் பிஷன் சிங் நகர மறுக்கிறார். இரண்டு நாடுகளுக்கும் நடுவில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத துண்டு நிலத்தில், வீங்கிய கால்களோடு நின்றுவிடுகிறார். விடிவதற்கு முன் ஓர் அலறல். பதினைந்து ஆண்டுகள் நின்ற மனிதர் முகம் மண்ணில் பட விழுந்து கிடக்கிறார். அவரிடம் ஆயுதம் இல்லை, கட்சி இல்லை, கோரிக்கை மனு இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று. நான் எங்கே நிற்பது என்பதை நீ சொல்லக் கூடாது என்ற பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்கு முன்னால் இரண்டு அரசுகள் வரைந்த வரைபடமும் உளறலாகிப் போகிறது!

இப்போது அமெரிக்கா. உங்களில் பலர் படமாகவாவது பார்த்திருக்கக்கூடிய கதை. கென் கேசி 1962இல் எழுதிய நாவல். குயிலின் கூட்டைத் தலைப்பில் வைத்த அந்த நாவலை 1975இல் மிலோஷ் ஃபோர்மன் படமாக்கினார். ஒரிகன் மாநிலத்தில் உண்மையான மனநோய் மருத்துவமனைக்குள்ளேயே எடுத்தார். ஐந்து ஆஸ்கர் விருதுகள் வந்தன. கேசி கலிபோர்னியாவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக வேலை பார்த்தவர். இரவு நேர வார்டு எப்படி மூச்சுவிடும் என்று கேட்டறிந்தவர்.

ராட்செட் என்ற தலைமை நர்ஸ். அவர் குரலை உயர்த்துவதில்லை. கை ஓங்குவதில்லை. எல்லாம் உங்கள் நன்மைக்கே என்பதுதான் அவர் பேச்சு. அவருடைய வார்டில் ஒரு பதிவேடு இருக்கிறது. ஒரு நோயாளி பேச்சுவாக்கில் எதையாவது சொன்னால், அதைக் கேட்ட இன்னொரு நோயாளி போய் அதில் எழுதி வைக்கலாம். மறுநாள் கூட்டத்தில் அது எல்லோர் முன்னிலையிலும் அலசப்படும். சிகிச்சை என்று அதற்குப் பெயர். காவலுக்கு ஆள் வேண்டுமா, நண்பர்களே? ஒருவருக்கு ஒருவரையே காவல் வைத்தாயிற்று!

அங்கே மெக்மர்ஃபி வருகிறான். சிறைப் பண்ணையிலிருந்து தப்ப மனநோய் என்று சொல்லிக்கொண்டு வந்த முரடன், சூதாடி, வாய் ஓயாதவன். தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்க்கவேண்டும், நேரத்தை மாற்றுங்கள் என்று கேட்கிறான். வாக்கெடுப்பு நடக்கிறது. இருபது கைகள் உயர்கின்றன. வார்டில் நாற்பது பேர், பெரும்பான்மை வரவில்லை என்கிறார் நர்ஸ். மற்ற இருபது பேர் யார்? கையை உயர்த்தும் நினைவே இல்லாத முற்றிய நோயாளிகள். அவர்கள் பேச்சு எந்நாளும் கணக்கில் வந்ததில்லை. வாக்கு எண்ணும்போது மட்டும் தலைக்கணக்கில் வந்துவிட்டார்கள்! இருபத்தோராவது கை உயர்கிறது. வாக்கெடுப்பு முடிந்துவிட்டது என்கிறார் நர்ஸ்.

ஆட்ட நேரம் வருகிறது. மெக்மர்ஃபி வேலையைப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன் போய் உட்காருகிறான். நர்ஸ் இணைப்பைத் துண்டிக்கிறார். திரையில் ஒன்றும் இல்லை. அவன் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து அவன் பக்கத்தில் உட்காருகிறார்கள். ஒன்றுமில்லாத திரையை எல்லோரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தால் அத்தனை பேரும் பைத்தியம் என்றுதான் சொல்வார். ஆனால் அந்த வார்டின் நெடுநாள் வரலாற்றில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் தெளிவான காரியம் அதுதான்.

அந்த இருபத்தோராவது கை யாருடையது? அங்கேதான் இந்த நாவலின் உயிர் இருக்கிறது. அந்தக் கை புரோம்டன் என்பவருடையது. கொலம்பியா ஆற்றங்கரைப் பழங்குடித் தலைவரின் மகன். மிக உயரமான மனிதர். கையில் துடைப்பத்தோடு வார்டைப் பெருக்கிக்கொண்டே இருப்பவர். காது கேளாது, வாய் பேசாது என்று எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். அவருக்கு எல்லாம் கேட்கும். நாவல் முழுவதையும் நமக்குச் சொல்வதே அவர்தான்!

எப்போது செவிடரானார்? அவர் சிறுவனாக இருந்தபோது, அணை கட்ட அவர்கள் நிலத்தை வாங்க அரசாங்க ஆட்கள் வருகிறார்கள். சிறுவன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறான். அவன் பேசியதே நடக்காததுபோல் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு போய்விடுகிறார்கள். அன்று அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் செவிடாக நடித்தது பிற்பாடு. அவன் சொல் காதில் விழாததுபோல் உலகம் நடித்தது அதற்கு முன்பே. அந்தக் கொலம்பியா ஆற்றில் பழங்குடிகள் காலங்காலமாக மீன்பிடித்த செலைலோ அருவி 1957இல் உண்மையாகவே ஓர் அணையின் நீருக்குள் மூழ்கிப்போனது. ஒரு சிறுவனின் சொல்லையும் ஓர் அருவியின் ஓசையையும் ஒரே கை அமுக்கியது.

ஓரிரவு மெக்மர்ஃபி புரோம்டனிடம் சூயிங்கம் ஒன்றை நீட்டுகிறான். பல ஆண்டுகளாகப் பேசாத அந்த வாய் திறக்கிறது. சொன்னது என்ன? நன்றி என்ற ஒரு சொல். புரட்சி முழக்கம் எதுவுமில்லை. நன்றி. ஒரு மனிதனாக மதித்துக் கொடுத்தவனுக்கு மனிதனாகப் பதில் சொன்னார். என்னைக் கேட்டால், இந்த நாவலின் மிகப் பெரிய கலகம் அந்த இருட்டில் சொன்ன அந்த ஒரு சொல்தான்.

இன்னொரு காட்சியையும் சொல்லியாகவேண்டும். அங்கிருப்பவர்களில் பெரும்பாலோர் தாமாக வந்து சேர்ந்தவர்கள், நினைத்தால் வெளியே போகலாம் என்று மெக்மர்ஃபிக்குத் தெரியவருகிறது. அதிர்ந்து போகிறான். கதவு திறந்திருக்கிறது, ஏன் போகவில்லை? பில்லி என்ற திக்கிப் பேசும் இளைஞன் அழுதுகொண்டே சொல்கிறான், துணிச்சல் இருந்தால் போகமாட்டேனா என்று. பார்த்தீர்களா? என் சொல் செல்லாது என்று பிறர் நினைப்பது ஒரு கட்டம். என் சொல் செல்லாது என்று நானே நம்பிவிடுவது அடுத்த கட்டம். அந்த இரண்டாவது கட்டம் வந்துவிட்டால் அப்புறம் பூட்டு எதற்கு?

முடிவு உங்களுக்குத் தெரியும். பில்லி தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். மெக்மர்ஃபி நர்ஸைத் தாக்குகிறான். அவன் மூளையில் லோபோடமி அறுவை செய்து, வெறும் உடம்பாகக் கொண்டுவந்து படுக்கையில் போடுகிறார்கள். அவன் அசைக்க முயன்று தோற்ற கனத்த இயந்திரப் பெட்டியைப் புரோம்டன் தூக்கிச் சன்னலில் வீசிவிட்டு, அந்த வழியாக வெளியேறுகிறார். முயன்றவன் வீழ்ந்தான். பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்தார். தனி மனித எதிர்ப்பைப் பற்றி இந்தக் கதைகள் நமக்குத் தரும் பெரிய செய்தி இது: எதிர்த்தவனின் வெற்றி பெரும்பாலும் இன்னொருவருடைய வாயில் சொல்லாக முளைக்கிறது.

இந்த நாவலில் குறையும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதிகாரத்தின் கொடுமையை எல்லாம் ஒரு பெண்ணின் உடம்பில் ஏற்றிவைத்திருக்கிறார் கேசி. கறுப்பினப் பணியாளர்களைத் தீட்டியிருக்கும் விதம் மனத்தை உறுத்துகிறது. சொல் பறிக்கப்பட்டவர்களுக்காக எழுதிய நூலிலேயே சிலருடைய சொல் விடுபட்டுப்போனது. அதனால்தான் ஒரு பெண் எழுதிய நூலோடு இதைச் சேர்த்துப் படிக்கவேண்டும் என்கிறேன்.

அந்தப் பெண் ஜேனட் ஃபிரேம். நியூசிலாந்துக்காரர். இளம் வயதில் அவருக்கு ஸ்கிசோஃப்ரீனியா என்று முத்திரை குத்தினார்கள். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் மருத்துவமனைகளுக்குள் போவதும் வருவதுமாகக் கழிந்தன. மயக்க மருந்து கொடுக்காமல் இருநூறுக்கு மேற்பட்ட முறை மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். 1961இல் அவர் எழுதிய 'தண்ணீரில் முகங்கள்' என்ற நாவலில் இஸ்டினா என்ற பெண் அந்த உலகத்தை நமக்குச் சொல்கிறாள். காலையில் யாருக்கெல்லாம் சாப்பாடு வரவில்லையோ, அவர்களுக்கு அன்று ஷாக். ஒவ்வொரு விடியலும் அந்தத் தட்டுக்காகக் காத்திருப்பது! பசிக்காகக் காத்திருக்கவில்லை, நண்பர்களே. இன்று தப்பித்தோமா என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார்கள்.

ஃபிரேமின் வாழ்க்கையோ நாவலை மிஞ்சியது. அவருக்கும் மூளை அறுவை செய்ய முடிவாகிவிட்டது. அந்த நாளில் அது போற்றப்பட்ட சிகிச்சை. 1949இல் அதற்காகப் போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். ஃபிரேமின் தாயாரை இணங்கவைத்து ஒப்புதலில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். இது நம் இரண்டாவது கையெழுத்து. மகளுக்கு நல்லது நடக்கும் என்று நம்பி ஒரு தாய் போட்ட கையெழுத்து.

அப்போது என்ன நடந்தது? ஃபிரேம் எழுதிய முதல் சிறுகதைத் தொகுப்பு வெளியாகியிருந்தது. அதற்கு ஓர் இலக்கிய விருது கிடைத்தது. அந்தச் செய்தியை நாளிதழில் பார்த்த மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறுவையை நிறுத்திவிட்டார். பிற்காலத்தில் லண்டன் மருத்துவர்கள் ஆராய்ந்து, அவருக்கு அந்த நோய் இருந்ததே இல்லை என்று சொன்னார்கள்.

ஒரு புத்தகம் ஒரு மூளையைக் காப்பாற்றியது! கேட்கும்போது மெய்சிலிர்க்கிறது. ஆனால் சிலிர்ப்போடு நின்றுவிடக் கூடாது. ஒன்றைக் கேட்கவேண்டும். அவர் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் கதை எழுதவில்லையே, அவளுக்கு யார் விருது கொடுப்பார்கள்? வார்டுக்குள் ஃபிரேம் வாயால் சொன்னபோது அது உளறல். அச்சேறிப் பரிசு பெற்றதும் அது பேச்சு. விருது வாங்கினால்தான் மனிதச் சொல் செல்லுமா? தன்னோடு இருந்த, எழுதத் தெரியாத அத்தனை பெண்களையும் இஸ்டினாவின் கண் வழியே எழுதி வைத்தாரே, அதுதான் ஃபிரேமின் எதிர்ப்பு. தான் தப்பியதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை.

நண்பர்களே, கதைகளைச் சொல்லிவிட்டேன். கதைக்கு வெளியே எதுவும் மாறவில்லையா? மாறியது. 1961ஆம் ஆண்டு, இத்தாலியின் கொரிட்சியா நகரம். பிராங்கோ பசாலியா என்ற மருத்துவர் மனநோய் விடுதிக்கு இயக்குநராக வருகிறார். நேற்றிரவு யார் யாரைக் கட்டிவைத்தோம் என்ற பட்டியலை அவர் முன் நீட்டுகிறார்கள். இயக்குநர் ஒப்பமிடுவது வழக்கம். பசாலியா கையெழுத்திட மறுத்துவிட்டார். இது நம் மூன்றாவது கையெழுத்து. போடாத கையெழுத்து! டாக்டர் ராகின் முகம் சிவந்துகொண்டே போட்டாரே, அந்த இடத்தில் இன்னொரு மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அவர் திரியெஸ்தேவுக்குப் போய் விடுதியின் கதவுகளைத் திறந்தார். 1978இல் இத்தாலி சட்டமே இயற்றி, அத்தகைய விடுதிகளை மூடும் பாதையில் இறங்கியது. எதிர்ப்பு நோயாளியிடமிருந்துதான் வரவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? பேனா பிடித்திருப்பவர்களிடமிருந்தும் வரலாம்.

நம் மண்ணுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, வேதனையான பங்கு. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடியற்காலையில் மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பின் நாடு விழித்துப் பார்த்தது. 2017இல் மனநல பராமரிப்புச் சட்டம் வந்தது. சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. மயக்க மருந்தில்லாமல் மின்னதிர்ச்சி கொடுப்பதைத் தடை செய்கிறது. இன்னொன்றையும் தருகிறது. எனக்கு மனநோய் வந்தால் எந்த வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் சார்பாக யார் பேசவேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டு வைக்கலாம்.

இதுதான் நான்காவது கையெழுத்து. நோயாளியின் சொந்தக் கையெழுத்து! ராகினின் கையெழுத்தில் தொடங்கி இங்கே வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேலாகியிருக்கிறது. உன் சொல் செல்லும் என்று சட்டம் சொல்லிவிட்டது. நாம் சொல்லிவிட்டோமா?

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மனநோய் உண்மை. அதன் வேதனை உண்மை. மருந்து தேவைப்படுகிறது, மருத்துவர் தேவைப்படுகிறார். எத்தனையோ நர்ஸுகள் தாயாக இருந்து பார்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கதைகளைக் காட்டி யாரும் மாத்திரையை நிறுத்திவிடவேண்டாம். செகாவ் மருத்துவர், பசாலியா மருத்துவர். அவர்கள் மருத்துவத்தை வெறுக்கவில்லை. நோயாளி வாய் திறக்கும்போது காதை மூடிக்கொள்ளும் மருத்துவத்தைத்தான் எதிர்த்தார்கள். மாத்திரை கொடுப்போம். பேச்சையும் கேட்போம். ஒன்றுக்காக இன்னொன்றை ஏன் விடவேண்டும்?

ஆகவே இந்த அரங்கைவிட்டுப் போகும்போது ஒரே ஒரு வேண்டுகோளை எடுத்துச் செல்லுங்கள். நம்மில் பலர் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். வயதான அம்மாவாக இருக்கலாம், மருத்துவமனையிலிருந்து திரும்பிய தம்பியாக இருக்கலாம். அவர் நாளைக்கு உங்களிடம் ஏதாவது சொல்வார். சத்தம் கேட்கிறது என்பார், இந்த ஆளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்பார், சாப்பாடு சரியில்லை என்பார். உளறல் என்று தீர்ப்பெழுதும் நாற்காலி அப்போது உங்களுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். அதில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

மோர் புளிக்கிறது என்று அவர் சொன்னால், மாத்திரை போட்டாயா என்று பிறகு கேட்கலாம். முதலில் அந்த மோரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.